கருவில் நேர்ந்த ஆக்சிஜனேற்ற நெருக்கடி முப்பது வயதில் ரத்தக் கொதிப்பாக வருமா?

கேள்வி: உறையூரான்

அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு வயது 36. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில் ரத்த அழுத்தம் 150/96 என்று காட்டியது. காபி குடித்துவிட்டு மாடிப்படி ஏறி வந்ததால் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்; ஆனால் வீட்டில் இரண்டு வாரம் காலையும் மாலையும் அளந்த பிறகும் எண் இறங்கவில்லை. அன்று முதல் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு இன்றுவரை கொதிப்பு இல்லை. அம்மாவுக்கு 58 வயதுக்கு மேல்தான் வந்தது. இவ்வளவு சின்ன வயதில் எனக்கு ஏன் வந்தது என்று கேட்டால் உப்பு, தூக்கமின்மை, மன உளைச்சல் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

சென்ற மாதம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் வேறொரு பத்திரத்தைத் தேடியபோது என் பிறப்புச் சீட்டு கிடைத்தது. மடிப்புகளில் கிழிந்து, பழுப்பேறிப்போன அந்தத் தாளில் ‘ஆண், 36 வாரம், 1.9 கிலோ’ என்று ஊதா மையில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, அம்மாவின் பெயருக்கு நேராக, ‘ரத்த அழுத்தம் 160/110, சிறுநீரில் புரதம் உண்டு’ என்று இருந்தது. நான் வயிற்றில் இருந்தபோது கடைசி இரண்டு மாதமும் அம்மாவுக்குக் கால் வீங்கிச் செருப்புப் போட முடியாமல் இருந்ததாகப் பாட்டி சொன்னதன் பொருள் அன்றுதான் புரிந்தது. கருவில் இருக்கும்போது குழந்தைக்கு ஏற்படும் ஆக்சிஜனேற்ற நெருக்கடி, வளர்ந்த பிறகு ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, இதய நோய் ஆகியவற்றுக்கு வித்திடக்கூடும் என்று எங்கோ படித்திருக்கிறேன். என் கொதிப்புக்கு இதுதான் காரணமா என்பது முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி அவசரமானது. என் மனைவி இப்போது 14 வார கர்ப்பம். சத்துப்பொருள் விற்பனையில் இருக்கும் என் பெரியம்மா மகன், வைட்டமின் சி 1,000 மில்லிகிராமும் வைட்டமின் ஈ 400 யூனிட்டும் கொண்ட ஒரு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்து, தினமும் ஒன்று போட்டால் குழந்தைக்கு என்னுடைய கதி வராது என்கிறார். சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை ‘ஃப்ரீ ரேடிக்கல்’ உண்டாக்கும் என்பதால் அதை நிறுத்திவிட வேண்டும் என்றும் சொல்கிறார். அண்ணன் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார் என்று நம்புகிறேன். ஆனாலும் மனைவி இன்னும் டப்பாவைத் திறக்கவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: நெஃப்ரான்

உறையூரான் அவர்களுக்கு வணக்கம். மருத்துவக் கல்லூரி ஒன்றில் உடலியங்கியல் கற்பிப்பவன் நான். நோயாளிகளைப் பார்ப்பவன் அல்லன். எனவே டப்பாவைப் பற்றிய கேள்வியை மகப்பேறு மருத்துவர்களுக்கு விட்டுவிட்டு முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன். பாடநூல்களில் ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்றுதான் இருக்கும். ரத்த அழுத்தத்தைப் பற்றியும் சேர்த்துப் பேசும்போது இரண்டு அழுத்தங்களும் ஒன்றோடொன்று குழம்பும் என்பதால் உங்களைப் போலவே ‘நெருக்கடி’ என்றே எழுதுகிறேன்.

நம் செல்களிலுள்ள மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும்போது சில எலக்ட்ரான்கள் வழிதவறி, சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற துடுக்கான மூலக்கூறுகள் உருவாகின்றன. இவற்றை அடக்குவதற்குச் செல்லுக்குள்ளேயே கேட்டலேஸ், குளூட்டாதையோன் பெராக்சிடேஸ் முதலிய நொதிகள் இருக்கின்றன. உருவாவது அடக்குவதை மிஞ்சும் நிலையையே ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ் 1985-இல் ஆக்சிஜனேற்ற நெருக்கடி என்று வரையறுத்தார். துடுக்கான மூலக்கூறு இருப்பதே நோய் என்று அவர் சொல்லவில்லை. சிறிய அளவில் அவை செல்களில் செய்தி சொல்லும் வேலையைச் செய்கின்றன. நஞ்சுக்கொடியில் புதிய ரத்தநாளங்கள் முளைப்பதற்குக்கூட அந்தச் செய்தி வேண்டும்.

கருப்பையில் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமானது. முதல் பத்து வாரங்களில் தாயின் ரத்தம் நஞ்சுக்கொடிக்குள் தாராளமாகப் பாய்வதில்லை. கருப்பையின் சுருள் தமனிகளின் வாயை நஞ்சுக்கொடியின் செல்களே அடைத்துக்கொண்டிருக்கும். கருப்பைச் சுரப்பிகளின் சுரப்பைக் கொண்டே கரு வளரும். எரிக் ஜானியோ, கிரஹாம் பர்ட்டன் என்ற ஆய்வாளர்கள் நேரடியாக அளந்து பார்த்தபோது, எட்டாவது வாரத்தில் அங்கே ஆக்சிஜனின் அழுத்தம் 20 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் கீழே இருந்தது. பன்னிரண்டாவது வாரத்தில் அது ஏறத்தாழ 60-ஐத் தொட்டது. உறுப்புகள் வார்க்கப்படும் வாரங்களில் ஆக்சிஜன் வாசலுக்கு வெளியே நிறுத்திவைக்கப்படுகிறது என்று கொள்ளலாம். அடைப்பு விலகியதும் நஞ்சுக்கொடியில் ஓர் ஆக்சிஜனேற்ற அலை எழும். நல்ல கர்ப்பத்தில் அதைச் சமாளிக்கும் நொதிகளும் கூடவே பெருகிவிடும்.

சிலருக்குச் சுருள் தமனிகள் விரிந்து கொடுக்காமல் குறுகியே நின்றுவிடும். அப்போது ரத்தம் விட்டுவிட்டுப் பீறிட்டு வரும். ஆக்சிஜன் குறைந்து, திரும்ப வந்து, மறுபடியும் குறையும். இந்த ஏற்றத்தாழ்வுதான் நெருக்கடியின் ஊற்று. அடிபட்ட நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்தில் சில புரதங்களைக் கசியவிட, அவை தாயின் ரத்தநாளங்களைச் சுருக்கி, கொதிப்பையும் சிறுநீரில் புரதத்தையும் உண்டாக்குகின்றன. இந்த நிலைக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா என்று பெயர். உங்கள் சீட்டிலுள்ள இரண்டு குறிப்புகளும் அதைத்தான் சுட்டுகின்றன.

இது எப்படிப் பெரியவராகும் வரை தொடர்கிறது? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டீனோ ஜியுசானி குழுவினர் பொலிவியாவில் செய்த ஒரு சோதனையை வகுப்பில் நான் விரும்பிச் சொல்வதுண்டு. அந்நாட்டில் லா பாஸ் நகரம் சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சான்டா குரூஸ் தாழ்நிலத்தில் இருக்கிறது. உயரத்தில் பிறக்கும் குழந்தைகள் எடை குறைவாகப் பிறக்கின்றன. அது வறுமையாலா, ஆக்சிஜன் பற்றாக்குறையாலா என்று மனிதரில் பிரித்தறிவது கடினம். எனவே அவர்கள் கோழிமுட்டையை எடுத்துக்கொண்டார்கள். முட்டைக்குள் தாயும் இல்லை, நஞ்சுக்கொடியும் இல்லை. உணவு முழுவதும் ஓட்டுக்குள்ளேயே கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. மாறக்கூடியது வெளிக்காற்று மட்டுமே. தாழ்நிலக் கோழிகளின் முட்டையை லா பாஸில் அடைகாத்தபோது குஞ்சுகளின் கருவளர்ச்சி குன்றியது; அதே உயரத்தில் அடைகாக்கும் பெட்டிக்குள் கூடுதல் ஆக்சிஜன் செலுத்தியபோது குன்றவில்லை. உணவு ஒன்றாகவே இருந்தும், ஆக்சிஜன் குறைந்ததே வளர்ச்சியைக் குறைத்தது என்பது இதனால் தெளிவாயிற்று.

அதே குழு 2012-இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வில், கருவுற்ற எலிகளைச் சாதாரணக் காற்றின் 21 சதவீதத்துக்குப் பதிலாக 13 சதவீத ஆக்சிஜனில் வைத்தார்கள். பிறந்த குட்டிகள் சாதாரணக் காற்றில்தான் வளர்ந்தன. ஆயினும் நான்கு மாதத்தில், அதாவது எலியின் வாலிபப் பருவத்தில், அவற்றின் தமனிகள் சரியாகத் தளரவில்லை. தமனியைத் தளர்த்துவது நைட்ரிக் ஆக்சைடு. சூப்பர் ஆக்சைடு அதைக் கண்ட இடத்திலேயே பிடித்து வீணாக்கிவிடும். தாய் எலிகளின் குடிநீரில் வைட்டமின் சி கலந்து கொடுத்த பிரிவில் குட்டிகளுக்கு அந்தக் குறை பெருமளவு தடுக்கப்பட்டது. தாய்க்கு நேர்ந்த பற்றாக்குறை குட்டியின் தமனிக்குப் போய்ச் சேரும் வழியில் ஆக்சிஜனேற்ற நெருக்கடி ஒரு கட்டாயக் கண்ணி என்று காட்டிய சோதனை அது.

என் புனைபெயருக்குரிய உறுப்பையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகத்தின் வடிகட்டிகளான நெஃப்ரான்கள் ஏறத்தாழ 36 வாரத்தோடு உருவாகி முடிந்துவிடும். பிறகு வாழ்நாள் முழுவதும் புதிதாக ஒன்றுகூட முளைக்காது. 2003-இல் ஜெர்மனியில், விபத்தில் இறந்த 35 முதல் 59 வயது வரையிலானவர்களின் சிறுநீரகங்களில் நெஃப்ரான்களை எண்ணிப் பார்த்தார்கள். கொதிப்பு இருந்த பத்துப் பேரின் சிறுநீரகம் ஒன்றில் நடுவெண்ணாக ஏழு லட்சமும், கொதிப்பில்லாத பத்துப் பேரிடம் பதினான்கு லட்சமும் இருந்தன. இருபது பேரை வைத்துக்கொண்டு உலகத்துக்குச் சட்டம் எழுத முடியாது என்பது உண்மையே. ஆனாலும் குறைப்பிரசவத்தில், எடையும் குறைந்து பிறந்த ஒருவர் தம் மருத்துவரிடம் அதைச் சொல்லி, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தையும் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவையும் ஆண்டுக்கொருமுறை பார்த்துக்கொள்வதற்கு இது போதிய காரணம்.

மறுமொழி 2: சராசரிக்காரன்

நெஃப்ரான் ஐயாவின் விளக்கம் அருமை. நான் புள்ளியியல் பின்னணி உடையவன். எலியிலிருந்து உறையூருக்கு வரும் பாதையில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதைக் காட்டிவிடுகிறேன்.

இந்தத் துறைக்கு அடிப்படையாக அமைந்தது ஒரு பழைய பதிவேடு. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டுஷயரில் 1911 முதல், எத்தல் மார்கரெட் பர்ன்சைட் என்ற தலைமைச் செவிலியரின் ஏற்பாட்டில், ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு எடையும் ஒரு வயது எடையும் எழுதிவைக்கப்பட்டன. டேவிட் பார்க்கர் குழுவினர் அந்தப் பதிவேட்டிலிருந்து 5,654 ஆண்களைப் பின்தொடர்ந்து 1989-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு வயதில் 18 பவுண்டோ அதற்கும் குறைவாகவோ இருந்தவர்களின் இதய நோய் இறப்பு விகிதம், 27 பவுண்டும் அதற்கு மேலும் இருந்தவர்களைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தது. செய்தி பெரியது, சந்தேகமில்லை. ஆனால் ரத்த அழுத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், பிறப்பு எடை ஒரு கிலோ குறைவதற்குப் பிற்காலத்தில் மேல் அளவு சராசரியாக 2 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோதான் கூடுகிறது. பெரிய ஆய்வுகளில் அந்த வேறுபாடு இன்னும் சுருங்கிவிடுகிறது. உறையூரான் அவர்களின் 150-ஐ இந்த 2 விளக்கிவிடாது.

இன்னொன்று. எடை குறைந்து பிறந்தவருக்குப் பின்னாளில் கொதிப்பு வருவது கருவறையில் நேர்ந்த சேதத்தாலா, தாயிடமிருந்து வந்த மரபணுவாலா? 2019-இல் பல லட்சம் பேரின் மரபணுத் தரவுகளைக் கொண்டு இதைப் பிரித்துப் பார்த்தார்கள். தாயின் கொதிப்பைக் கூட்டும் மரபணு வகைகள் குழந்தையின் பிறப்பு எடையைக் குறைக்கின்றன. ஆனால் குழந்தைக்கு வளர்ந்த பின் கொதிப்பு கூடுவது, அதே வகைகளை அது தானும் பெற்றிருந்தால்தான் என்று முடிவு வந்தது. பெறாத பிள்ளைக்கு, எடை குறைந்து பிறந்திருந்தாலும், அந்த வழியில் கொதிப்பு கூடுவதாகத் தெரியவில்லை. உங்கள் அம்மாவுக்குக் கர்ப்பத்தில் கொதிப்பு, 58-இல் மறுபடியும் கொதிப்பு, உங்களுக்கு 34-இல் கொதிப்பு என்ற வரிசையைப் பார்த்தால், கருவறையைவிடக் குடும்பவழியே எனக்கு முதலில் கண்ணில் படுகிறது.

‘ஆக்சிஜனேற்ற நெருக்கடிக்கு ரத்தப் பரிசோதனை’ என்று சில ஆய்வகங்கள் பணம் வாங்குவதையும் சொல்லிவைக்கிறேன். கொழுப்பு ஆக்சிஜனேறிச் சிதையும்போது உண்டாகும் மாலோன்டையால்டிஹைடு என்ற பொருளின் அளவை வைத்துச் சொல்லும் பழைய முறை எதை எதையோ சேர்த்து எண்ணக்கூடியது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு 36 ஆண்டுகளுக்கு முன் கருவறையில் என்ன நடந்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

மறுமொழி 3: நெஃப்ரான்

சராசரிக்காரன் சொன்ன மரபணு ஆய்வு வலுவானது. நான் விட்டிருக்கக் கூடாது. ஒரே ஒரு திருத்தம். அந்த ஆய்வு பொதுமக்களிடையே காணும் சாதாரண எடை வேறுபாட்டைப் பற்றியது. 36 வாரத்தில் 1.9 கிலோ என்பது அந்த வரிசையின் கடைக்கோடி. முட்டையிலும் எலியிலும் மரபணுக் குழப்பம் கிடையாது. அங்கே காற்றை மட்டும் மாற்றி விளைவைக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே வழி இருக்கிறது என்பது உறுதி. உங்கள் உடலில் அந்த வழியாகத்தான் வந்தது என்பது உறுதியன்று.

மறுமொழி 4: பிள்ளைத்தமிழ்

வணக்கம் தம்பி. இருபது ஆண்டுகளாக மகப்பேறு மருத்துவம் பார்த்து வருகிறேன். உங்கள் மனைவி டப்பாவைத் திறக்காதது மிகவும் சரி. அதில் எழுதியிருக்கும் 1,000 மில்லிகிராம் சி, 400 யூனிட் ஈ என்ற அளவு எனக்குப் பழக்கமானது. ஏனென்றால் அதே அளவைத்தான் உலகம் பெரிய அளவில் சோதித்துக் கைவிட்டது.

1999-இல் லண்டனில் 283 பெண்களைக் கொண்டு நடந்த சிறிய சோதனையில், இந்த இரண்டு வைட்டமின்களையும் எடுத்துக்கொண்டவர்களுக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா குறைந்தது போலத் தெரிந்தது. நாங்கள் அப்போது படித்துக்கொண்டிருந்தோம். ஆரஞ்சுப் பழத்தில் இருப்பதைக் கொண்டே இந்த நோயைத் தடுத்துவிடலாம் போலிருக்கிறதே என்று விடுதியில் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. பிறகு 2006-இல் பிரிட்டனில் ஆபத்து மிகுந்த 2,410 பெண்களிடம் அதே அளவைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் குறையவில்லை. அதைவிட மோசமாக, எடை குறைந்து பிறந்த குழந்தைகள் வைட்டமின் பிரிவில் 28 சதவீதமும் வெற்று மாத்திரைப் பிரிவில் 24 சதவீதமும் இருந்தார்கள். 2010-இல் அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த சோதனையிலும் பயன் இல்லை. இந்தியா, பெரு, தென்னாப்பிரிக்கா, வியட்நாம் ஆகிய நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய சோதனையும் அதையே சொன்னது.

எலியில் பலித்தது பெண்களிடம் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். எலி தன் உடலிலேயே வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளும் பிராணி, நம்மால் முடியாது. அதன் கணக்கு வேறு, நம் கணக்கு வேறு. எலிக்குக் காற்றைக் குறைத்த நாளிலிருந்தே மருந்தும் கொடுக்கப்பட்டது. பெண்களுக்கோ சுருள் தமனிகளின் விதி பெரும்பாலும் எழுதப்பட்டபின்தான் மாத்திரை போய்ச் சேர்ந்தது. மேலும், நெஃப்ரான் ஐயா சொன்னதுபோல் அந்த மூலக்கூறுகள் செய்தியும் சொல்கின்றன. நெருக்கடி இல்லாதவருக்கும் அள்ளிக் கொடுத்தால் செய்தியும் சேர்ந்து அழியும். கேம்பிரிட்ஜ் குழுவினரே இப்போது வைட்டமின் சி-யை விட்டுவிட்டு, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் மட்டும் போய்ச் சேரும் மைட்டோகியூ என்ற பொருளைச் செம்மறியாட்டிலும் கோழிக் கருவிலும் சோதித்து 2020-இல் வெளியிட்டிருக்கிறார்கள். அது இன்னும் கர்ப்பிணிகளுக்குரிய மருந்தாகவில்லை.

இரும்பு மாத்திரை விஷயத்தில் உங்கள் அண்ணன் சொல்வது பாதி உண்மை. பாதி உண்மைதான் எங்களைப் படுத்தும் பாடு. கட்டற்ற இரும்பு, ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்தால் கடுமையாக ஆக்சிஜனேற்றம் செய்யும் என்று வேதியியலாளர் ஃபென்டன் 1894-இலேயே எழுதிவிட்டார். அதைச் செய்வது துடுக்கான ஒரு மூலக்கூறு (அண்ணன் சொல்லும் ‘ஃப்ரீ ரேடிக்கல்’) என்பது பின்னாளில் தெரிந்தது. ஆனால் உடம்பில் இரும்பு அவிழ்த்துவிட்ட மாடுபோலத் திரிவதில்லை. டிரான்ஸ்ஃபெரின், ஃபெரிட்டின் என்ற புரதங்கள் அதைப் பிடித்துக் கட்டிவைத்திருக்கும். மாத்திரையை நிறுத்தினால் வருவது ரத்தசோகை. ரத்தசோகை வந்தால் குழந்தைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். எந்த நெருக்கடிக்குப் பயந்து நிறுத்தினீர்களோ அந்த நெருக்கடியே வந்து நிற்கும். நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட அந்த மாத்திரையை 180 நாள் சாப்பிட வேண்டும் என்பது அரசின் நெறிமுறை. வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்கும் டீக்கும் தள்ளி, இரவில் போடச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். எனக்கு உங்கள் பதிவில் முக்கியமாகப் பட்டது இதுதான். அந்தச் சீட்டை உங்களுக்கு ஏன் கொதிப்பு வந்தது என்று அறிவதற்காக எடுத்திருக்கிறீர்கள். அதைவிட அது உங்கள் மனைவியின் மருத்துவருக்குத் தேவைப்படும் தாள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2001-இல் வெளியான ஆய்வில், ப்ரீ-எக்லாம்ப்சியா கண்ட தாய்க்குப் பிறந்த ஆண்களின் மனைவியருக்கு அதே நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. நஞ்சுக்கொடி தாயின் உறுப்பு என்றே பலரும் நினைக்கிறோம். அதில் பாதி மரபணு தகப்பன் கொடுத்தது. மாமியாரின் பேறுகாலத்தைப் பற்றி மருமகளிடம் எந்த வெளிநோயாளர் சீட்டிலும் கேட்பதில்லை. இதை மட்டும் வைத்து நோய் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் அவருடைய வயது, எடை, இது முதல் கர்ப்பமா, இப்போதைய ரத்த அழுத்தம் என்ன என்பவற்றோடு இதையும் சேர்த்து எடைபோட வேண்டும். ஆபத்து மிகுந்தவர் என்று முடிவானால் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பதுண்டு. 2017-இல் வெளிவந்த சோதனையில், 37 வாரத்துக்கு முன்பே பிரசவத்தில் கொண்டுபோய்விடும் கடுமையான வகை, ஆஸ்பிரின் பிரிவில் 1.6 சதவீதமாகவும் மற்றப் பிரிவில் 4.3 சதவீதமாகவும் இருந்தது. 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் பயன் அதிகம். உங்கள் மனைவிக்கு இப்போது 14 வாரம். நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த வாரமே சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

மறுமொழி 5: உறையூரான்

அனைவருக்கும் மிக்க நன்றி. பிள்ளைத்தமிழ் அம்மா சொன்னபடி வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். மறைக்காமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் நாளொன்றுக்கு ஐந்தாறு சிகரெட் பிடிப்பவன். மொட்டைமாடியில்தான் பிடிக்கிறேன், வீட்டுக்குள் இல்லை. மாமியார் வீட்டில் வெந்நீருக்கு இன்னும் விறகடுப்புதான். ஐந்தாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் மனைவி அங்கே போவதாக இருக்கிறது. இவற்றாலும் இந்த நெருக்கடி வருமா?

மறுமொழி 6: ஓய்வுபெற்ற செவிலி

விழுப்புரம் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள் நான். விறகடுப்பைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் விழுப்புரத்திலும் நாகப்பட்டினத்திலும், சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் அம்மையார் குழுவினர் பங்கேற்ற ஒரு பன்னாட்டுச் சோதனை நடந்தது. குவாட்டமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளையும் சேர்த்து ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு காஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். கர்ப்பிணி சுவாசிக்கும் காற்றிலிருந்த நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு நடுவெண்ணாக விறகுப் பிரிவில் ஏறத்தாழ 70 மைக்ரோகிராம், காஸ் பிரிவில் 24 தான். ஆனால் 2022-இல் முடிவு வெளிவந்தபோது, குழந்தைகளின் சராசரி எடை காஸ் பிரிவில் 2,921 கிராம், விறகுப் பிரிவில் 2,898 கிராம். அந்த 23 கிராம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் அடுப்பை மாற்றியது அவர்களின் கர்ப்பம் ஒன்பது வாரம் கடந்த பிறகு. அதுவரை அந்தப் பெண் புகையில்தானே இருந்தாள். அதோடு, தராசில் தெரியாதது நுரையீரலில் இருக்காது என்று ஆகிவிடாது. விறகு ஊதும்போது பெண்கள் படும் இருமலைப் பார்த்தவள் என்ற முறையில், அந்த மூன்று நான்கு மாதம் வெந்நீர் அடுப்பை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்பேன். உங்கள் மாமியார் அம்மாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மறுமொழி 7: பிள்ளைத்தமிழ்

சிகரெட்டைப் பற்றி. தாய் புகைப்பதைப் பற்றித்தான் தெளிவான சோதனை இருக்கிறது. அது இந்த இழையோடு நேராகப் பொருந்துவது. அமெரிக்காவின் ஓரிகன் மாநில ஆய்வாளர்கள், எவ்வளவு சொல்லியும் புகைப்பதை விட முடியாத கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் வைட்டமின் சி கொடுத்தார்கள். 2014-இல் வெளிவந்த முடிவின்படி, அவர்களின் குழந்தைகளுக்கு மூச்சுக்குழல் நன்றாக இருந்தது. முதல் ஆண்டில் இளைப்பு 21 சதவீதம், வெற்று மாத்திரைப் பிரிவில் 40 சதவீதம். ஐந்து வயதிலும் மூச்சுக்குழல் வேறுபாடு தொடர்ந்தது என்று பிந்தைய சோதனை சொன்னது. புகைப்பவரின் உடம்பில் வைட்டமின் சி உண்மையாகவே வற்றிப்போயிருக்கும். வற்றிய இடத்தில் ஊற்றினால் பயன் தெரிகிறது. நிறைந்த குடத்தில் ஊற்றிய சோதனைகளைத்தான் முந்தைய பதிவில் சொன்னேன். உங்கள் மனைவி புகைப்பவர் அல்லர் என்பதால் இதைக் காட்டி டப்பாவைத் திறந்துவிடாதீர்கள்.

உங்கள் பங்குக்கு வருகிறேன். மொட்டைமாடியில் பிடித்தாலும் சட்டையிலும் மூச்சிலும் கொஞ்சம் கூடவே இறங்கி வரும். கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர் சிகரெட் பிடிப்பதைப் பற்றி நான் சொல்லியா தெரிய வேண்டும்? அடுத்த குழந்தை பற்றிய எண்ணம் இருந்தால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: விந்தணுவுக்குள் எதிர்ப்பு நொதிகளுக்கு இடம் மிகக் குறைவு, புகையால் அதன் டிஎன்ஏ-வில் ஆக்சிஜனேற்றச் சேதம் ஏறும். ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாள் ஆகும் என்பதால், விட்டவர்களுக்கு மூன்று மாதத்தில் புதுக் கணக்கு தொடங்கும்.

மறுமொழி 8: உறையூரான்

வெள்ளிக்கிழமை போய்வந்தோம். மருத்துவர் சீட்டை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, இதை யார் கொண்டுவரச் சொன்னார்கள் என்று கேட்டார். ஒரு நகல் எடுத்து மனைவியின் கோப்பில் வைத்துக்கொண்டார். மனைவிக்கு இது முதல் கர்ப்பம் என்பதையும் சேர்த்துப் பார்த்து ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருக்கிறார்; கருப்பைத் தமனியின் ரத்த ஓட்டத்தை அடுத்த ஸ்கேனில் பார்க்கப் போகிறார். இரும்பு மாத்திரை தொடர்கிறது. எனக்குச் சிறுநீரில் ஆல்புமின் பார்க்கக் கொடுத்திருக்கிறேன். முடிவு திங்கட்கிழமை வரும். சிகரெட் ஆறிலிருந்து இரண்டுக்கு வந்திருக்கிறது. டப்பாவை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பணம் இன்னும் வரவில்லை.